ஸ்கேன் செய்த பழைய தமிழ்ப் புத்தகம், பத்திரங்களின் பிடிஎஃப்பில் சொல்லைத் தேட என்ன வழி?

கும்பகோணம் பக்கத்து ஊர் நூலகம் ஒன்றில் இருக்கும் தலபுராணங்கள், குடமுழுக்கு மலர்கள், கொஞ்சம் கிரயப்பத்திரங்கள் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து வாங்கியதாகவும், கண்ட்ரோல் எஃப் அழுத்தித் தேடினால் ஒன்றுமே அகப்படவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். அகப்படாதுதான். அந்தப் பிடிஎஃப்பில் இருப்பது வெறும் படம். ஓசிஆர் மென்பொருள் படத்தைப் படித்து, கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளை அந்தந்தச் சொல் இருக்கும் இடத்திலேயே பதித்தால்தான் தேடல் வேலை செய்யும். மென்பொருளை ஓட்டுவது சுலபம். தமிழில் பாதிக் காரியம் ஸ்கேன் எடுக்கும்போதே கெட்டுவிடுகிறது.

கெடுவது புள்ளியால். கடைகளில் வேகத்துக்காகக் கறுப்பு வெள்ளையில், 150 அல்லது 200 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு இத்தனை பிக்சல் என்ற கணக்கு) எடுத்துத் தருவார்கள். பத்துப் பாயின்ட் எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி 300 டிபிஐயில் சுமார் நாலைந்து பிக்சல் இருக்கும். 150-இல் இரண்டாகச் சுருங்கும். கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது அதுவும் போய், 'பட்டம்' 'படடம' ஆகிவிடும். ஆகவே கிரேஸ்கேல் (சாம்பல் சாயல்களோடு எடுப்பது), 300 டிபிஐ. அடிக்குறிப்பு மாதிரிப் பொடி எழுத்தென்றால் 400. தாள் மெல்லியதாக இருந்து பின்பக்க எழுத்து தெரிந்தால், பின்னால் ஒரு கறுப்பு அட்டையை வைத்து எடுங்கள். வெள்ளை மூடியைவிட அது எவ்வளவோ மேல். போனில் எடுப்பதானால், ஏ4 தாளை 300 டிபிஐயில் எடுக்க ஏறக்குறைய 87 லட்சம் பிக்சல் வேண்டும். 12 மெகாபிக்சல் கேமரா போதும், ஆனால் தாள் சட்டம் முழுக்க நிறைந்திருக்க வேண்டும்.

நம் பக்கத்து ஈரப்பதத்தையும் கணக்கில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாள் ஊறி அலை அலையாக நிற்கும். சாய்வை நிமிர்த்தும் வசதி பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு, ஆனால் வளைந்த வரியை அது நேராக்காது. பங்குனி, சித்திரையில், இரண்டு நாள் கனமான பலகைக்கடியில் வைத்து எடுத்துவிட்டு ஸ்கேன் செய்தால் வரிகள் நேராக விழும்.

மென்பொருளுக்கு வருவோம். விண்டோஸில் நாப்ஸ்2 என்ற இலவச மென்பொருள் போதும். ஓசிஆர் அமைப்பில் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் இறக்கிக்கொண்டு, பிடிஎஃப்பாகச் சேமித்தால் எழுத்தும் சேர்ந்தே வரும். நூற்றுக்கணக்கான கோப்புகள் இருந்தால் ஓசிஆர்மைபிடிஎஃப் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டளை வரியில் ஓடுவது, ஆனால் ஒரு கோப்புறையை மொத்தமாக ராத்திரியில் விட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். இரண்டுக்கும் உள்ளே இருந்து படிப்பது டெசராக்ட் என்ற ஓசிஆர் நிரல்தான். 2018-இல் வந்த 4-ஆம் பதிப்பிலிருந்து அது நரம்பியல் வலையமைப்பால் படிக்கிறது, பழைய பதிப்புகளை வைத்துக்கொண்டு மல்லாட வேண்டாம். ஓசிஆர்மைபிடிஎஃப்பில் சாய்வு நிமிர்த்தல், பக்கம் திருப்பல், தனி உரைக்கோப்பு ஆகிய மூன்று தேர்வுகளையும் போடுங்கள். தூசி நீக்கும் தேர்வை மட்டும் ஒரு பக்கத்தில் சோதித்துப் பார்க்காமல் போடாதீர்கள். அது புள்ளியையும் தூசி என்று நினைத்து எடுத்துவிடக்கூடும்.

குடமுழுக்கு மலர்களில் வேறொரு சிக்கல் வரும். டிடிபி கடையிலிருந்தே பிடிஎஃப்பாக வாங்கியிருந்தால் எழுத்தைத் தேர்ந்தெடுக்க முடியும், நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைக்கும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களின் வேலை அது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யுனிகோடைத் தமிழக அரசு தரமாக அறிவித்தது 2010-இல். அதற்கு முந்தைய மலர்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். 'ஏற்கெனவே எழுத்து இருக்கிறது' என்று ஓசிஆர்மைபிடிஎஃப் நின்றுவிடும். எழுத்துள்ள பக்கத்தைத் தாண்டிப் போகும் தேர்வைக் கொடுத்தால் குப்பை அப்படியே தங்கும். கட்டாய ஓசிஆர் தேர்வைக் கொடுக்க வேண்டும்.

தலபுராணங்களில் தொல்லை எழுத்துச் சீர்திருத்தம். 1978-க்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை ஆகியவை தும்பிக்கை போட்டும், ணா, றா, னா சுழித்தும் இருக்கும். டெசராக்ட் இவற்றில் பெரும்பாலும் தடுமாறும். அதனால் 'கல்லணை' என்று தேடினால் கிடைக்காமல் போகலாம், 'கல்ல' என்று தேடுங்கள். 'திருவானைக்கா'வுக்கு 'திருவா' போதும். பொதுவாகவே சொல்லின் அடியை மட்டும், கடைசிப் புள்ளி இல்லாமல் தேடுவது நல்லது. 'கோயில' என்று கொடுத்தால் பெரும்பாலான மென்பொருள்களில் கோயில், கோயிலில், கோயிலுக்கு எல்லாமே வரும், புள்ளி விடுபட்ட இடங்களும் வரும். 'குளம்' என்று தேடினால் 'குளத்தில்' வராது; 'குள' என்றால் வரும். வரியின் கடைசியில் உடைந்த சொல் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். ஊர்ப் பெயரிலும் கவனம் வேண்டும்: மயிலாடுதுறை என்ற பெயர் அதிகாரபூர்வமாக வந்தது 1982-இல்தான், முந்தைய நூல்களுக்கு மாயவரம், மாயூரம் இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

பத்திரங்களைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துத் தமிழை டெசராக்ட் படிக்காது. ௵ (வருடம்), ௴ (மாதம்), ௳ (நாள்), ௸ (மேற்படி) மாதிரிக் குறிகளும் தமிழ் எண்களும் அச்சில் இருந்தாலே சிரமம்: ௧ என்ற ஒன்றும் 'க'வும் பார்க்க ஒன்றுதான். நிலத்தை மா, காணி, முந்திரி என்று பின்னக் குறிகளில் எழுதியிருப்பார்கள். அந்தக் குறிகளில் பல யுனிகோடுக்குள் வந்ததே 2019-இல்தான். ஆகவே கையெழுத்துப் பத்திரத்துக்கு ஓசிஆரை விட்டுவிட்டு, கோப்பின் பெயரிலேயே ஆண்டு, ஆவண எண், கிராமம், சர்வே எண் நான்கையும் எழுதிவையுங்கள். கூடவே ஒரு எக்செல் பட்டியலில் எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர், வேலி, மா, குழிக் கணக்கு. ஐம்பது பத்திரத்துக்கு ஒரு நாள் வேலை, தேடல் பிசகாது.

பத்திரங்களை இலவச ஓசிஆர் இணையதளங்களில் ஏற்ற வேண்டாம். மேலே சொன்ன மென்பொருள்கள் உங்கள் கணினியிலேயே ஓடுகின்றன. கோப்பின் அளவைக் குறைக்கும்போது, ஒரே மாதிரித் தெரியும் எழுத்துகளுக்கு ஒரே படத்தைப் போடும் ஜேபிக் 2 இழப்புச் சுருக்கத்தைத் தொடாதீர்கள். ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில இயந்திரங்களில் இந்தச் சுருக்கத்தால் 6 என்ற எண் 8 ஆக மாறியது 2013-இல் வெளிவந்தது. சர்வே எண் 166, 186 ஆனால் பக்கத்து வயல்காரரோடு வழக்குதான். இழப்பில்லாச் சுருக்கம் மட்டும் போதும், மூல ஸ்கேனைத் தனி ஹார்ட் டிஸ்கில் வைத்துக்கொள்ளுங்கள்.