புது வண்டி எங்க நிக்குது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஸ்கூட்டர் புக் பண்ணி ஆறு வாரம் ஆச்சுங்க. விடியக்காலைல காசிமேட்டுக்குப் போயி மீன் எடுத்து விக்கிறேன், அதுக்குத்தான் வண்டி. லோன் பணம் ஷோரூமுக்குப் போயிடுச்சு, முதல் டியூவும் கட்டிட்டேன். கேட்டா "ஓசூர்லருந்து வந்துட்டே இருக்கு, ரோட்ல இருக்கு"ன்னு மூணு வாரமா இதே பதில். என்ன பண்றது?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அம்மா, ஓசூர்லருந்து நம்ம ஊருக்கு 300 கிலோமீட்டர் சொச்சம்தான். சரக்கு லாரிக்கு இ-வே பில்லுன்னு ஒரு ஜிஎஸ்டி சீட்டு போடுவாங்க, அது 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும்னு கணக்கு, அப்படிப் பார்த்தா ரெண்டு நாள்ல வந்து சேரணும், லாரி பழுதாச்சுன்னா நீட்டிச்சுக்கலாம், மாதவரம் பக்கம் வந்தப்புறம் மணலி ரோட்டு கன்டெய்னர் வரிசைல மாட்டினாக்கூட இன்னும் ஒரு நாள் போகும், அதுக்காக மூணு வாரமா ரோட்ல இருக்காது. உங்க வண்டி இன்னும் கிளம்பவே இல்லன்னுதான் எனக்குத் தோணுது.

ஃபேக்டரி உங்க பேருக்கு வண்டி அனுப்பாது, டீலர் பேருக்குத்தான் அனுப்பும். டீலர் பணம் கட்டணும், அவர் கேட்ட மாடலும் கலரும் தயாரா இருக்கணும், ஒரு லோடு சேரணும், அப்பதான் லாரி நகரும். இங்க யார்டுல இறக்கி ஒவ்வொரு வண்டி பாடிலயும் தனித்தனியா அடிச்சிருக்கிற சேசிஸ் நம்பரைப் பதிஞ்சப்புறம்தான் எந்த வண்டி யாருக்குன்னு அலாட் பண்ணுவாங்க. இதுல எங்க சிக்கல்னாலும் கவுன்டர்ல இருக்கிற புள்ளைங்க சொல்றது "ரோட்ல இருக்கு"தான், பாவம் அவங்களுக்கும் உள்ள என்ன நடக்குதுன்னு யாரும் சொல்றதில்ல.

அதனால எப்ப வரும்னு கேக்காதீங்க. "எனக்கு அலாட் ஆன சேசிஸ் நம்பர் என்ன?"ன்னு மட்டும் கேளுங்க. நம்பர் குடுத்தா வண்டி இருக்கு. இல்லன்னா உங்களுக்குன்னு ஒரு வண்டி இன்னும் ஒதுக்கலன்னு அர்த்தம், அப்ப எந்தத் தேதிக்குள்ள தருவீங்க, இல்லன்னா லோன் கணக்குக்கே பணத்தைத் திருப்பிப் போடுங்கன்னு எழுத்துல குடுத்து, பேங்க்குக்கும் ஒரு காப்பி அனுப்புங்க. கோவத்துல டியூவை மட்டும் நிறுத்திடாதீங்க, அடி உங்க சிபில் ஸ்கோருக்குத்தான் விழும். பதில் வரலன்னா 1915க்கு போன் பண்ணி நுகர்வோர் புகார் பதியுங்க. அதுக்கும் மசியலன்னா நுகர்வோர் ஆணையம் இருக்கு, நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், பொருளுக்குக் குடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். மத்தவங்களும் கேட்டுக்கோங்க, சேசிஸ் நம்பர் போட்ட இன்வாய்ஸைக் கண்ணால பாக்காம லோன் பணத்தை ரிலீஸ் பண்ண ஒத்துக்காதீங்க.

கேள்வி: கார் தயாராகிறது ஸ்ரீபெரும்புதூர்ல, நான் இருக்கிறது வியாசர்பாடில. ரெண்டு மாசம் வெயிட்டிங்காம். ஆனா மீஞ்சூர் பக்கம் டிரெய்லர் டிரெய்லரா புதுக் கார் போறதப் பாக்குறேனே?
– ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: தம்பி, அந்தப் பக்கம் போறதுல நிறைய எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்குப் போற ஏற்றுமதி வண்டிங்க, நம்ம ஷோரூமுக்கு வர்றது இல்ல. பக்கத்துல தயாராகுதுங்கறதால முதல்ல நமக்குக் கிடைக்காது, எந்த வேரியன்ட் எந்த கலர் எத்தனைன்னு நாடு முழுக்க கணக்குப் போட்டுத்தான் ஃபேக்டரில செய்வாங்க. 1950கள்லருந்து எண்ணூர்ல லாரியும் திருவொற்றியூர்ல புல்லட்டும் செஞ்ச ஏரியா நம்மளுது, அப்பவும் இந்தக் காத்திருப்பு இருந்துச்சு. ஒண்ணு கவனிங்க, புக் பண்ண அன்னிக்கு இருந்த விலை இல்ல, பொதுவா இன்வாய்ஸ் போடுற அன்னிக்கு இருக்கிற விலைதான் கணக்கு. 2025 செப்டம்பர் 22ல சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 28லருந்து 18 சதவீதம் ஆனப்ப காத்திருந்தவங்களுக்கு லாபம், விலை ஏறுனா அதுவும் நம்ம தலையிலதான்.

கேள்வி: பைக் எடுத்து ஒரு மாசம் ஆச்சு. ஆர்சி வந்துச்சு, அதுல இருக்கிற சேசிஸ் நம்பரோட கடைசி ரெண்டு இலக்கம் வண்டில இருக்கிறதோட ஒத்துப்போகல. ஷோரூம்ல "டைப்பிங் மிஸ்டேக், பரவால்ல ஓட்டுங்க"ங்கறாங்க. ஓட்டலாமா?
– ஒரு வாசகர், எர்ணாவூர்

பதில்: ஓட்டாதீங்க அண்ணே. இத நான் ரொம்ப வருத்தத்தோட எழுதுறேன், ஏன்னா இதே தப்பை நானே பண்ணியிருக்கேன். முன்னாடி ஒரு டீலரோட யார்டுல வண்டி இறக்குற வேலை பாத்தேன், ஆயுத பூஜைக்கு முந்தின வாரம், ஆடில யாரும் எடுக்காம இருந்ததெல்லாம் மொத்தமா டெலிவரிக்கு நிக்குது, ஒரே கலர்ல ரெண்டு வண்டி, கடைசி நம்பர் மட்டும்தான் வித்தியாசம், ராத்திரி லைட் சரியில்லாம வாங்குறவங்க பேர் போட்ட டேக்கை மாத்திக் கட்டிட்டேன். ரெண்டு பேருமே சந்தோஷமா ஓட்டிட்டுப் போனாங்க. ஆறு மாசம் கழிச்சு அதுல ஒருத்தர் வண்டி ஆக்சிடென்ட் ஆகி, இன்சூரன்ஸ் சர்வேயர் நம்பரைப் பாத்துட்டு இந்த வண்டிக்கு பாலிசியே இல்லன்னுட்டார். கால்ல கட்டோட அந்த மனுஷன் ஷோரூம் வாசல்ல வந்து நின்னது இன்னும் என் கண்ணுலயே இருக்கு.

உங்க கேஸ்லயும் டைப்பிங் தப்பா இல்ல வண்டியே மாறிப்போச்சான்னு முதல்ல தெரியணும். சேசிஸ் நம்பர்ல எழுத்தும் இலக்கமும் சேர்த்து 17 இருக்கும், அதுல ஐ, ஓ, க்யூ மூணும் வரவே வராது, ஓ மாதிரி தெரிஞ்சா அது பூஜ்யம். நிறைய பைக்குல ஹேண்டில்பாருக்குக் கீழ கழுத்துப் பக்கம் அடிச்சிருப்பாங்க. அது மேல பேப்பரை வெச்சு பென்சிலால தேச்சு பிரிண்ட் எடுங்க, இன்ஜின் நம்பரையும் குறிச்சுக்கோங்க. டீலர் குடுத்த விற்பனைச் சான்று ஃபார்ம் 21, கம்பெனியோட ஃபார்ம் 22, இன்வாய்ஸ், இன்சூரன்ஸ் எல்லாத்துலயும் ரெண்டு நம்பரையும் பாருங்க. இன்ஜின் நம்பர் சரியா இருந்து சேசிஸ்ல மட்டும் இலக்கம் பிசகியிருந்தா அனேகமா எழுத்துப் பிழைதான். ரெண்டுமே வேறன்னா உங்க வண்டி வேற யார்கிட்டயோ ஓடிட்டு இருக்கு, அவரையும் டீலர்தான் தேடிப் பிடிக்கணும்.

எதுவா இருந்தாலும் ஆர்சி, இன்சூரன்ஸ் ரெண்டையும் அவங்க செலவுல திருத்தித் தரச் சொல்லி லெட்டர் குடுத்து, வாங்கிக்கிட்டதுக்கு சீல் போட்டு வாங்குங்க. ஆர்டிஓ வண்டியைக் கொண்டு வரச் சொன்னா, டீலர் வண்டி வெச்சு ஏத்திட்டுப் போகட்டும், நீங்க ஓட்டிட்டுப் போக வேணாம்.