தாத்தாவின் கேமராவில் மீட்டர் போய்விட்டதா?

கேள்வி: தாத்தாவின் பென்டாக்ஸ் கே1000 ஃபிலிம் கேமரா கிடைத்தது. உள்ளே தெரியும், வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் முள் அசையவில்லை. "மீட்டர் போர்டு போச்சு, மாற்ற 3,500 ஆகும், வேண்டாம்னா 1,000 ரூபாய்க்கு நானே எடுத்துக்கிறேன்" என்கிறார் ஒரு ரிப்பேர்காரர். சித்திரைத் திருவிழாவுக்குப் பயன்படுமா? - வாசகர், பழங்காநத்தம்

பதில்: கொடுத்துவிடாதீர்கள். முதலில் வாட்ச் கடையில் எல்ஆர்44 பட்டன் செல் ஒன்று வாங்குங்கள். கேமராவின் அடியில் உள்ள வட்ட மூடி, ஒரு நாணயத்தை வைத்துத் திருகினால் திறக்கும். உள்ளே பச்சை பூத்திருந்தால் துடைத்துவிட்டுப் புதுச் செல்லைப் போடுங்கள். இந்த மாடலில் மீட்டருக்கு ஸ்விட்சே கிடையாது. லென்ஸ் மூடி இல்லாமல் கிடந்தால் வெளிச்சம் பட்டே செல் தீர்ந்துவிடும். அது தெரிந்தவர்தான் உங்களிடம் போர்டு கதை சொல்கிறார். 1,000 ரூபாய்க்குக் கேட்கிறாரே, செத்த கேமரா அவருக்கு எதற்கு?

முள் அசையாவிட்டாலும் ஷட்டர் ஓடும். அது முழுக்க ஸ்பிரிங்கும் பல்சக்கரமும்தான். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 200 ரோலுக்கு லென்ஸ் திறப்பு எஃப்16, ஷட்டர் வேகம் 1/250 நொடி. நிழலில் எஃப்5.6. சந்தேகமென்றால் ஒரு ஸ்டாப் கூடுதலாக, அதாவது இரு மடங்கு வெளிச்சம் கொடுங்கள், நெகட்டிவ் தாங்கும். மாசி வீதியில் தேருக்கு இது போதும். அழகர் ஆற்றில் இறங்குவது விடியற்காலையில். அதற்கு 400 ரோல், லென்ஸை முழுக்கத் திறந்து 1/60.

ஆனால் இதைப் படித்துவிட்டு மாமா வீட்டு யாஷிகா எலக்ட்ரோ 35-ஐயும் செல் இல்லாமல் தூக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். அதன் ஷட்டர் எலக்ட்ரானிக். செல் இல்லாமலும் 'க்ளிக்' கேட்கும், அதை நம்பித்தான் ஏமாறுகிறார்கள். எல்லாப் படமும் 1/500-இல் விழும். வெயிலில் சிலது தேறும், கல்யாண மண்டபத்தில் ஒன்றும் தேறாது. அதற்கான 5.6 வோல்ட் மெர்க்குரி செல் இப்போது வருவதில்லை. 6 வோல்ட் ஆல்கலைன் போடலாம். அளவு சிறியது என்பதால் ஒரு ஸ்பிரிங்கும் அட்டைக் குழாயும் வேண்டும். இதையே 'ஜப்பான் அடாப்டர்' என்று விற்பவர்களும் உண்டு.

பெயரில்லாத டப்பாவில் வரும் மலிவு ரோலையும் தொடாதீர்கள். பல சமயம் அது சினிமா ஃபிலிமை வெட்டிச் சுற்றியது. பின்புறம் கறுப்புப் பூச்சு இருந்தால் சாதாரண கலர் ஃபிலிம் கழுவும் (சி-41) லேபில் கழுவக் கூடாது, மெஷினே கெட்டுவிடும்.

கழுவக் கொடுக்குமுன், எங்கே கழுவுகிறார்கள் என்று கேளுங்கள். வாங்கி வேறு ஊருக்கு கூரியர் போடும் கடைக்காரர் நேராகப் பதில் சொல்லமாட்டார். நெகட்டிவ் திரும்ப வேண்டும் என்று பில்லிலேயே எழுத வையுங்கள். ஸ்கேனை வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டு நெகட்டிவைக் குப்பையில் போடுகிறார்கள்; கேட்டால், "யாரும் கேக்குறதில்லையே சார்!"