வலிக்கும் பக்கமே கீழே இருக்க வேண்டுமா?

கேள்வி: எழுபது வயதைக் கடந்த என் தந்தையால் எழுந்து நிற்க முடியாததால், மல்லாந்து படுத்த நிலையிலேயே மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். அதைப் பார்த்த மருத்துவர், நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம் என்று கூறி, இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து மறுபடியும் எடுக்கச் சொல்கிறார். அவருக்கு வலியே இடப்பக்கம்தான். இது சரியா?

பதில்: சரிதான். நீர் பள்ளத்தைத் தேடும். நிற்பவருக்கு அது, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் ஓரத்தில் தேங்கி, விலாவுக்கும் உதரவிதானத்துக்கும் இடையிலுள்ள கூர்மையான மூலையை மழுங்கடிக்கும். நேர்ப்படத்தில் அது தெரிவதற்கே ஏறக்குறைய 200 மில்லிலிட்டர் நீர் வேண்டும். நின்றபடியே பக்கவாட்டில் எடுக்கும் படத்தில் 50 முதல் 75 மில்லிலிட்டர் போதும். பாதி நீருள்ள பாட்டிலைப் படுக்கவைத்துப் பாருங்கள்: நீர் அதன் நீளம் முழுவதும் பரவிவிடும். மல்லாந்து படுத்தவரின் மார்பிலும் நீர் அப்படியே முதுகுப்புறம் பரவுவதால், மேலிருந்து வரும் கதிருக்கு அது லேசான மங்கலாகவே தெரியும், எளிதில் தவறிவிடும்.

சந்தேகத்துக்குரிய பக்கத்தைக் கீழே வைத்து, கதிரைக் கிடைமட்டமாகச் செலுத்தினால், விலாவை ஒட்டி நீர் ஒரு பட்டையாகப் படியும். 5 முதல் 10 மில்லிலிட்டர் அளவுகூடப் புலப்படலாம். பட்டையின் தடிமன் 10 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், ஊசி மூலம் நீரை எடுத்துப் பரிசோதிக்கலாமா என்று மருத்துவர் யோசிப்பார். பக்கம் மாற்றியும் நீர் இடம்பெயரவில்லை என்றால், அது தடுப்புகளுக்குள் சிக்கியிருக்கலாம் என்பதும் பயனுள்ள தகவலே.

படுத்தவுடன் எடுக்காமல், நீர் வந்து படிய ஐந்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். மெத்தையில் உடல் புதைந்தால் நாம் தேடும் கீழ்ப்பகுதியே படத்தில் மறைந்துவிடும் என்பதால், கெட்டியான தலையணை போன்ற ஒன்றை உடலுக்கு அடியில் வைத்து உயர்த்துவார்கள். கைகள் தலைக்கு மேலே இருக்க வேண்டும். இந்த உயர்த்தும் வேலையை அவசரத்தில் விட்டுவிடுவதுண்டு. நீங்கள் நினைவூட்டினால் தவறில்லை.

பாதிக்கப்பட்ட பக்கம் கீழே இருக்கும்போது சிலருக்கு மூச்சுத்திணறல் கூடும் என்பதால், உங்கள் கவலை நியாயமானதே. திணறல் அதிகமானால் உடனே சொல்லித் திருப்பிப் படுக்கவைக்கச் செய்யுங்கள். ஒருக்களிக்கவே முடியாதவருக்குப் படுக்கையருகிலேயே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்யலாம்; வசதியுள்ள இடங்களில் இப்போது அதைத்தான் முதலில் நாடுகிறார்கள். நீருக்குப் பதிலாகக் காற்று கசிந்திருப்பதாகச் சந்தேகித்தால் மட்டும், அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி படுக்கவைப்பார்கள்.