கீரை வண்டி எங்கள் தெருவுக்கு ஏன் வருவதில்லை?

கேள்வி: ஈஜிபுரா பக்கம் ஒரு சந்தில் இருக்கிறோம். நான் நாலு வீட்டில் வேலை செய்கிறேன். ரேஷன் அரிசி வந்துவிடுகிறது, முனைக் கடையில் சிப்ஸ் பாக்கெட் ராத்திரி பத்து மணிக்கும் கிடைக்கிறது. கீரை கொண்டு வந்த தள்ளுவண்டிக்காரரை ரோட்டில் நிற்கக் கூடாதென்று விரட்டிவிட்டார்கள். நாலு வயது மகளுக்கு ரத்தம் குறைவு, சத்தாகக் கொடு என்கிறார் டாக்டர். எதை, எங்கே வாங்குவேன்?
- வாசகி, பெங்களூரு

பதில்: சகோதரி, டாக்டர் சொன்னது சரிதான், ஆனால் அந்தச் சத்து உங்கள் வாசலுக்கு எப்படி வந்து சேரும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. ஏழைகளுக்குச் சாப்பாட்டில் விழிப்புணர்வு இல்லை என்று பேசுகிறவர்களைக் கேட்டால் எனக்குக் கோபமாக வரும். சாயங்காலம் ஆறு மணிக்கு வேலை முடிந்து, கையில் அன்றைய காசோடு நிற்கிறவருக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதுதானே சாப்பாடு?

அதனால் முதல் வேலை அந்த வண்டிக்காரரைத் திரும்பக் கொண்டு வருவது. பத்து ரூபாய்க்கு அரைக்கட்டுக் கீரை, இரண்டு தக்காளி, கொசுறாகக் கொஞ்சம் கொத்தமல்லி என்று அவர்தான் கொடுப்பார், சூப்பர் மார்க்கெட் கொடுக்காது. 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, வியாபாரிகளின் கணக்கெடுப்பு முடிந்து எல்லாருக்கும் விற்பனைச் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் விரட்டக் கூடாது. இந்த விஷயங்களைப் பார்க்க அதே சட்டப்படி அமைக்கிற நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும். நீங்கள் நாலைந்து பெண்கள் அவரோடு சேர்ந்து வார்டு ஆபீசுக்குப் போய், 'இவர் இல்லாமல் எங்கள் பிள்ளைகளுக்குக் கீரை இல்லை' என்று எழுதிக் கொடுங்கள். வாங்குகிறவர்களும் கூடப் போனால் அந்த மனுவுக்குக் கனம் கூடும்.

அதுவரைக்கும், ஐந்தாறு வீடு சேர்ந்து முறை வைத்து வாரம் ஒரு நாள் கே.ஆர். மார்க்கெட் போய் வாருங்கள். 2023 ஜூனில் வந்த சக்தி திட்டத்தால் சாதாரண பிஎம்டிசி நகர பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, மொத்தமாக வாங்கினால் விலையும் இறங்கும். சுமைதான் கஷ்டம், ஒருத்தரை மட்டும் அனுப்பாதீர்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளுக்குப் பூசணி, பீட்ரூட், கேரட் மாதிரி நாலு நாள் தாங்குகிற காய்தான் சரி. கீரை எல்லாம் முதல் இரண்டு நாளிலேயே தீர்த்துவிடுங்கள்.

அப்புறம் பிள்ளை விஷயம். அங்கன்வாடியில் பேர் எழுதியிருக்கிறீர்களா? 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வயதுப் பிள்ளைக்குச் சத்தான சாப்பாடு இலவசமாகக் கிடைக்க வேண்டும். இது சலுகை இல்லை, உரிமை, கூச்சப்படாமல் கேளுங்கள். டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மருந்தைச் சாப்பாட்டை நம்பி நிறுத்திவிடாதீர்கள். கீரையில் எலுமிச்சை பிழிந்து கொடுங்கள், சாப்பாட்டோடு டீ மட்டும் வேண்டாம், இரும்பு உடம்பில் சேராமல் போய்விடும். முடிந்த நாளில் ஒரு முட்டை. நம்ம ஊரில் ராகிக்குப் பஞ்சமில்லை, ராத்திரி அரிசிக்குப் பதிலாக வாரம் இரண்டு நாள் களி கிண்டலாம், பிள்ளை முதலில் முகம் சுளிக்கும், அவரேக்காய்க் குழம்பு இருந்தால் இறங்கிவிடும்.

கேள்வி: காலையில் சமைக்காமல் கிளம்புகிறேன். இந்திரா கேன்டீனில் தினமும் சாப்பிடலாமா?
- வாசகர், ஹலசூரு

பதில்: தாராளமாக. வெறும் வயிற்றில் வேலைக்குப் போகிறவருக்காகத்தானே 2017 ஆகஸ்டில் 5 ரூபாய் டிபன், 10 ரூபாய்ச் சாப்பாடு என்று ஆரம்பித்தார்கள்? பெரும்பாலும் அரிசியாக இருக்கும், அதனால் கூட ஒரு வாழைப்பழமோ வேகவைத்த கடலையோ வாங்கிக்கொள்ளுங்கள்.