தண்ணியில்லாக் காடு: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்குச் சொந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடி பக்கம். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். புதுப் பாம்பன் பாலத்தில் உங்கள் அம்மாவை ரயிலில் கூட்டிப் போனதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். "எங்கள் பாலம்" என்று எட்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், எண்ணிப் பார்த்தேன். படிக்கும்போது சந்தோஷமாக இருந்தது. முடித்ததும் எரிச்சல் வந்தது.

காரணம் சொல்கிறேன். போன மாதம் புதிதாக வந்த மேலாளர் எந்த ஊர் என்று கேட்டார். ராம்நாடு என்றேன். "அட, தண்ணியில்லாக் காடா!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் எதற்குச் சிரித்தேன் என்று யோசித்து யோசித்து அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

சரி, பெருமையாகப் பேசலாம் என்றால் அதற்கும் கூச்சமாக இருக்கிறது. தேர்தல் வந்தால் கச்சத்தீவு என்கிறார்கள், கலாம் பிறந்த மண் என்கிறார்கள், சேதுபதி சீமை என்கிறார்கள். நாம் கைதட்டுகிறோம். அம்மா இன்னும் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போகிறார். இந்த ஊர்ப்பெருமை நம்மை ஏமாற்றத்தான் பயன்படுகிறதா? அப்படியானால் நீங்களும் ஏன் அதையே எழுதுகிறீர்கள்? அந்த மேலாளர் அடுத்த முறை சொன்னால் நான் என்ன சொல்லட்டும்?

பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. உடனே பதில் எழுத முடியவில்லை. அந்தச் சிரிப்பைப் பற்றி நீங்கள் எழுதிய இடத்திலேயே நின்றுவிட்டேன்.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது எங்களுக்குக் கணக்கு எடுக்க ஒரு வாத்தியார் மாற்றலாகி வந்தார். முதல் நாள் கரும்பலகையில் தேதி எழுதிவிட்டுத் திரும்பி, "என்னைத் தண்டனை கொடுத்து இங்கே அனுப்பியிருக்கிறார்கள்" என்றார். வகுப்பில் பாதிப் பேர் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள், மீதிப் பேர் மிளகாய் போடுகிற வீட்டுப் பிள்ளைகள். எங்களுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. நாங்கள் பிறந்து, ஓடி விளையாடி, கல்யாணம் கட்டிச் சாகப் போகிற ஊர் இன்னொருவருக்குத் தண்டனை. அன்று சாயங்காலம் அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். "நம்ம ஊரு தண்டனையாம்மா?" என்று கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. அரிவாள்மனையிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை.

அந்த வாத்தியார் மேல் இப்போது எனக்குக் கோபம் இல்லை. குடும்பத்தை வேறு ஊரில் விட்டுவிட்டு வந்த மனிதர். ஒரே வருடத்தில் யாரையோ பிடித்து மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அப்புறம் ஆண்டுத் தேர்வு வரை எங்களுக்குக் கணக்கு எடுக்க ஆள் இல்லை. அதனால்தான் தண்ணியில்லாக் காடு என்ற அந்தச் சொல்லை வெறும் கிண்டல் என்று என்னால் விட முடியவில்லை. தண்டனை என்று நினைத்து வருகிறவர் ஊரைத் தெரிந்துகொள்ள மாட்டார், பெட்டியைப் பிரிக்காமலே நாளை எண்ணுவார். அவர் போனதும் நாற்காலி காலியாகக் கிடக்கும். அப்படி எத்தனை நாற்காலி காலியாகக் கிடந்திருக்கும்! நாடு முழுக்கப் பின்தங்கிய மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து 2018-இல் முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று பட்டியல் போட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றவை நம் மாவட்டமும் விருதுநகரும். நாம் பின்தங்கியதற்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

அந்தச் சொல் உண்மைதானா என்றும் பார்ப்போம். நம் மாவட்டத்தில் வருடத்துக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பாலைவனத்தில் பெய்கிற மழையா இது? ஆனால் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டி முடிந்துவிடும். நிலம் மேடு பள்ளம் இல்லாத சமதளம். பிடித்து வைக்காவிட்டால் தண்ணீர் கடலுக்கு ஓடிவிடும், இல்லையென்றால் வெயிலில் வற்றிவிடும். நம் முன்னோர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் கண்மாய்க்கு மேல் கண்மாயாக வெட்டினார்கள். மேல்கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாகக் கீழ்க்கண்மாய்க்கு வரும். ராஜசிங்கமங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். நாரையால் ஒரு மூச்சில் பறந்து கடக்க முடியாத நீளக் கரை, அதில் 48 மடை. அந்தக் கரை மேல் ஒரு தடவை முழுக்க நடந்து பாருங்கள். நடக்க நடக்க உங்கள் சந்தேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

கடலோரத்தில் இன்னொரு வித்தை உண்டு. தனுஷ்கோடிப் பக்கம் அலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். ஆழமாகத் தோண்டினால் உப்பாகிவிடும். அந்த அளவு தெரிந்தவர்கள் பெண்கள்தான். சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிறைப்பார்கள். உப்புக்கு மேல் நல்ல தண்ணீர் மிதக்கும் என்பதை எந்தப் புத்தகத்திலும் படிக்காமல் தெரிந்துகொண்ட ஜனங்களின் ஊருக்கா தண்ணியில்லாக் காடு என்று பெயர்?

ஆனால் உங்கள் அம்மா தள்ளுவண்டியோடு போகிறார் என்பதும் உண்மை. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்கள் தூர்ந்தன. கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் அடைந்தது. (அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. வேரோடு பிடுங்கு என்று ஒரே வரியில் சொல்கிறவர்கள் அவர்களையும் நினைக்க வேண்டும்.) காவிரித் தண்ணீர் குழாயில் வரத் தொடங்கியதும் ஊருணியைக் கவனிக்க ஆள் இல்லாமல் போனது. குழாயில் வராத நாளில் ஊருணியும் இல்லை, குழாயும் இல்லை. இதைப் பேச மேடையில் இரண்டு நிமிடம்கூட ஒதுக்குவதில்லை. கச்சத்தீவுக்கு அரை மணி நேரம் கிடைக்கிறது.

கச்சத்தீவைப் பற்றி நான் நினைப்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். இதில் உங்களுக்குச் சம்மதம் இல்லாமல் போகலாம்.

சுமார் 285 ஏக்கர் தீவு. குடிதண்ணீர் கிடையாது. இராமநாதபுரம் ஜமீனுக்கு அதன் மேல் உரிமை இருந்தது என்பது நம் தரப்பு. 1974 ஒப்பந்தத்தில் அது இலங்கையின் பக்கம் போனது, நம்மை யாரும் கேட்கவில்லை. நம் ஆட்கள் அந்தோணியார் கோயில் திருவிழாவுக்குப் போகலாம் என்று மட்டும் வைத்தார்கள். 1976-இல் இரு நாடுகளின் படகுகளும் மற்றவர் எல்லைக்குள் மீன்பிடிக்கக் கூடாது என்று எழுதிக்கொண்டார்கள். கேட்காமல் கொடுத்தது தவறு. அந்த வலி எனக்கும் உண்டு. 2025 ஏப்ரலில் சட்டமன்றம் தீவை மீட்கத் தீர்மானம் போட்டபோது எங்கள் தெருவில் பட்டாசு வெடித்தார்கள், நானும் அங்கே நின்றிருந்தேன்.

ஆனால் மேடையில் 'நம் மீனவர்' என்று ஒரே ஆளைப் போலச் சொல்கிறார்களே, அங்கேதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. வடகடலில் (பாக் நீரிணையில்) விசைப்படகு வாரத்தில் மூன்று நாள் தொழிலுக்குப் போகலாம், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. திங்கள், புதன், சனி என்றால் ராமேசுவரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அது போட்டு, அதாவது விசைப்படகு, போகிற நாள். இந்த ஏற்பாடு எதனால் வந்தது? நமக்குள்ளேயே நடந்த சண்டையால் வந்தது. விசைப்படகின் இழுவை மடி (கடலடியை வாரி இழுக்கிற வலை) நாட்டுப்படகுக்காரர் போட்ட வலையை அறுத்துக்கொண்டு போனது. என் தாய்மாமா நாட்டுப்படகுக்காரர். பொழுது விடிந்து கடலுக்குப் போனவர் அறுந்த வலையின் மிச்சத்தைச் சுருட்டிக்கொண்டு கரையேறியதை நான் பார்த்திருக்கிறேன். கடனுக்கு வாங்கிய வலை.

இப்போது அதே மடி எல்லைக்கு அந்தப் பக்கம் போய் யாழ்ப்பாணத்தார் வலையை அறுக்கிறது. 2009 வரை போர். கடலில் இறங்கவே முடியாமல் கிடந்தவர்கள் அவர்கள். திரும்ப வந்து வலை போட்டால் ராத்திரியில் நம் படகுகள். அவர்களும் தமிழில்தான் அழுகிறார்கள். 2017-இல் இலங்கை இழுவை மடியையே சட்டம் போட்டுத் தடுத்தது, மறு வருடம் வெளிநாட்டுப் படகுக்கு அபராதத்தைப் பல மடங்கு ஏற்றியது. அதற்குப் பிறகு படகு பிடிபட்டால் திரும்பக் கிடைப்பது அரிது. உள்ளே போகிறவர்கள் கூலிக்குப் போன பையன்கள். இலங்கைக் கடற்படை அவர்களைச் சுட்டதையும் அடித்ததையும் நான் ஒருநாளும் நியாயப்படுத்த மாட்டேன். தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் கைக்குழந்தையோடு உட்கார்ந்து அழுத பெண்களின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஆனால் தீவு நாளைக்கே நம் கைக்கு வந்தாலும் மீன் வந்துவிடாது. நம் பக்கத்துக் கடலடியை இத்தனை வருடம் வாரி இழுத்திருக்கிறோம்.

விசைப்படகை ஆழ்கடலுக்கு மாற்ற 2017-இல் திட்டம் வந்தது. ஒரு படகுக்கு 80 லட்சம், பெரும்பகுதி மானியம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வடகடல் ஆழம் குறைந்த கடல். காலையில் டோக்கன் வாங்கிப் போய் மறுநாள் காலை கரைக்கு வருகிற தொழில் நம்முடையது. ஆழ்கடல் என்றால் வாரக்கணக்கில் தூண்டில் போட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தத் தொழிலை யார் கற்றுக்கொடுப்பது, கற்கிற காலத்தில் வீட்டுச் செலவுக்கு என்ன வழி, கடனைக் கட்டுவது எப்படி? ஓட்டுக் கேட்டு வந்த ஒருவரிடம் தெருமுனையில் நின்று இதைத்தான் கேட்டேன். "கச்சத்தீவை மீட்போம்" என்றார்.

'நம் மீனவர்' என்ற சொல்லுக்குள் கடல்பாசி எடுக்கிற பெண்கள் வருவார்களா? பாம்பன் சின்னப்பாலம் பக்கம் போய்ப் பாருங்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கி முங்குகிறார்கள். பாறையில் கை கிழியும். 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் கடல் தேசியப் பூங்கா என்று அறிவித்தபிறகு, பாட்டி காலத்திலிருந்து போன இடத்துக்குப் பயந்து பயந்து போக வேண்டியதாயிற்று. பவளப்பாறையைக் காப்பது அவசியம், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அந்தப் பெண்களே எந்த நாளில் போவது, எந்த மாதத்தில் பாசியை வளர விடுவது என்று தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டவர்கள். அவர்களை உட்கார வைத்துக் கேட்டிருக்கலாம். நம் கரையின் பெருமை எது என்று என்னைக் கேட்டால் முதலில் அவர்கள் நினைவுதான் வருகிறது.

சேதுபதி சீமை என்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதி வெள்ளைக்காரன் சிறையில் 1809-இல் இறந்தவர். அவரை நினைக்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் 1957-இல் முதுகுளத்தூர்ப் பக்கம் சாதிக் கலவரத்தில் ஓடிய ரத்தம் இன்னும் முழுக்கக் காயவில்லை. வருடா வருடம் செப்டம்பரிலும் அக்டோபரிலும் தலைவர்களின் நினைவு நாட்களில் மாவட்டம் முழுக்கப் போலீஸ் நிற்கிறது. சீமை என்று சொன்னால் "யாருடைய சீமை?" என்று திருப்பிக் கேட்கிற தெருக்கள் நம்மிடம் இருக்கின்றன. அந்தத் தெருக்காரர்கள் சேர்ந்து கைதட்டாத பெருமை எனக்கு வேண்டாம். கீழக்கரையில் சீதக்காதி மரைக்காயர் உமறுப் புலவரை ஆதரித்தார், சீறாப்புராணம் நமக்குக் கிடைத்தது. அழகன்குளத்தில் மண்ணைத் தோண்டினால் ரோமானியக் காசும் கப்பல் வரைந்த பானை ஓடும் வருகின்றன. எல்லோரும் வந்து இறங்கிய கரை இது. ஒருவர் மட்டும் சொந்தம் கொண்டாடினால் இந்தக் கரைக்கே பொருந்தாது.

சரி, "எங்கள் பாலம்" விஷயத்துக்கு வருகிறேன். எட்டு இடம் என்றீர்கள், இருக்கட்டும், ஒன்றையும் எடுக்க மாட்டேன். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் கப்பல் வந்தால் ஆட்கள் நின்று கையால் சுற்றித் தூக்குவார்கள். 1964 டிசம்பர்ப் புயலில் ரயில் கடலுக்குள் போனது, தனுஷ்கோடி அழிந்தது, பாலமும் உடைந்தது. 46 நாளில் அதை நிமிர்த்தினார்கள். என் அம்மா அப்போது கைக்குழந்தை. தாத்தா அவரைத் தோளில் போட்டுக்கொண்டு பாம்பன் கரையில் நின்று, முதல் ரயில் திரும்ப வந்ததைப் பார்த்தாராம். 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலத்தைத் திறந்து வைத்தார் பிரதமர். எந்தக் கட்சிக்குப் பெருமை என்று அன்றைக்கே சண்டை தொடங்கிவிட்டது. நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனது அதற்காக இல்லை. தாத்தா நின்ற இடத்தை ரயில் ஜன்னல் வழியாக அம்மாவுக்குக் காட்ட வேண்டியிருந்தது.

மேடைக்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்று நாம் பெருமையை விட்டுவிட்டால், உங்கள் மேலாளர் சொன்ன சொல் மட்டும்தான் நம்மிடம் மிஞ்சும். விடாதீர்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் உங்கள் ஊர்க் கண்மாயின் பெயரைச் சொல்லி, வரத்துக்கால் எங்கே அடைத்திருக்கிறது என்று கேளுங்கள். அதற்கு அந்த வரத்துக்கால் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உங்கள் அப்பாவையோ பெரியப்பாவையோ கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

மேலாளரிடம் சண்டை போட வேண்டாம். மாசி, பங்குனியில் ஊருக்கு வந்தால் களத்தில் முண்டு மிளகாய் காய்ந்துகொண்டிருக்கும். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த மிளகாய். ஒரு கிலோ வாங்கிக்கொண்டு போய் அவர் கையில் கொடுங்கள். இது எந்தத் தண்ணீரில் விளைந்தது என்று அவர் கேட்டால் அந்த 48 மடையின் கதையைச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணன்