பெரிய கேரமல் கட்டியை எப்படித் தீர்ப்பது? கேள்வி பதில்

அன்பளிப்பாக வந்த 2 கிலோ கேரமல் கட்டியை என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். அவரைப் பார்த்து இன்னும் பலர் கேட்டுவிட்டார்கள். இனிப்பு செய்வதுதான் என் வேலை, கேரமல் எனக்கு மிகவும் பிடித்த பொருளும்கூட. அதனால் எல்லாருக்கும் இங்கேயே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, வீட்டில் நாங்கள் இரண்டே பேர்தான். 2 கிலோ கட்டியை எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதலில் அது எந்த வகை என்று பாருங்கள். விரலால் அழுத்தினால் லேசாகக் குழிகிறது, மென்றால் பல்லில் இழுக்கிறது என்றால் பாலும் வெண்ணெயும் சேர்ந்த மென்கேரமல். கண்ணாடி மாதிரி உடைந்தால் வெறும் சர்க்கரைக் கேரமல். இரண்டுக்கும் வழி வேறு. உங்களுடையது முதல் வகை என்று எழுதியிருக்கிறீர்கள்.

மென்கேரமல் எவ்வளவு இறுக்கமாக இருக்கும் என்பதை முடிவு செய்வது அதில் மிஞ்சியிருக்கும் தண்ணீர்தான். 115 டிகிரி செல்சியஸில் இறக்கினால் குழைவாக இருக்கும். 121-இல் இறக்கினால் நன்றாக இறுகிவிடும். அந்தச் சில டிகிரிக்குள் ஆவியாகிப் போன தண்ணீர்தான் வித்தியாசம். ஆகவே கட்டியாக இருப்பதை அப்படியே தின்று தீர்க்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் க்ரீமோ பாலோ தண்ணீரோ சேர்த்தால் சாஸ் ஆகும், பூச்சு ஆகும், சாக்லேட்டுக்குள் வைக்கும் பூரணமும் ஆகும். முழுவதையும் ஒரே நாளில் உருக்கிவிடாதீர்கள், அவ்வளவுதான். கால் கிலோ கால் கிலோவாகப் பிரித்துக்கொண்டு தேவைக்கு எடுங்கள்.

கேள்வி: பிரிக்கச் சொல்கிறீர்கள், கத்தியே இறங்க மாட்டேன் என்கிறது!

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் வெட்டியிருப்பீர்கள். வெளியே சில மணி நேரம் வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு வெட்டுங்கள். கனமான, நீளமான கத்தி வேண்டும். அலகில் எண்ணெயோ வெண்ணெயோ தடவி, அறுக்காமல் மேலிருந்து நேராக அழுத்துங்கள். முன்னும் பின்னும் இழுத்தால் ஒட்டிக்கொண்டு கூடவே வரும். பட்டையாக வெட்டிவிட்டால், அதன்பின் எண்ணெய் தடவிய கத்தரிக்கோலால் சின்னத் துண்டுகள் போடுவது சுலபம். வெட்டிய துண்டுகளை ஒன்றோடொன்று படவிடாதீர்கள், மறுபடி ஒரே கட்டியாகிவிடும். தனித்தனியாக பட்டர் பேப்பரில் சுற்றி வையுங்கள்.

கேள்வி: சாஸ் செய்யப் பார்த்தேன். க்ரீம் ஊற்றியதும் கேரமல் கட்டி கட்டியாக இறுகிவிட்டது. அப்புறம் தீயைக் கூட்டினேன், எண்ணெய் பிரிந்து மேலே நின்றது. இரண்டையும் எப்படித் தவிர்ப்பது?

இறுகியது க்ரீம் குளிர்ச்சியாக இருந்ததால். எண்ணெய் பிரிந்தது சூடு அதிகமானதால். கேரமலில் வெண்ணெய்க் கொழுப்பு மிகச் சிறு துளிகளாகப் பரவி நிற்கிறது. அதிகச் சூட்டில் தண்ணீர் ஆவியாகிவிட்டால் அந்தத் துளிகள் ஒன்றுசேர்ந்து பிரிந்து விடுகின்றன.

என் முறை இது. 250 கிராம் கேரமலைச் சின்னத் துண்டுகளாக வெட்டி அடிகனமான பாத்திரத்தில் போடுங்கள். 100 மில்லி க்ரீமைத் தனியாக ஆவி பறக்கும் அளவுக்குச் சூடாக்கி அதன்மேல் ஊற்றுங்கள். மிகச் சிறு தீயில் வைத்துக் கிளறிக்கொண்டே இருங்கள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே நடக்காதது போலத் தெரியும். துண்டுகளின் ஓரம் மழுங்கும், க்ரீம் மெல்ல மெல்லப் பழுப்பாகும், பிறகு திடீரென்று எல்லாம் சேர்ந்து பளபளவென்று ஆகிவிடும். அந்த நேரத்தில் பொறுமை இழந்து தீயைக் கூட்டாமல் இருந்தாலே போதும். கரண்டியைத் தூக்கினால் நாடா போல மடிந்து விழ வேண்டும். ஆறினால் இன்னும் கெட்டியாகும் என்பதால், சூட்டில் கொஞ்சம் தளர்வாகத் தெரிந்தாலும் கவலை வேண்டாம்.

பிரிந்துபோன சாஸைக் கொட்டிவிடாதீர்கள். இறக்கி வைத்து, ஒரு ஸ்பூன் வெந்நீர் விட்டு வேகமாக அடியுங்கள். தேவைப்பட்டால் இன்னொரு ஸ்பூன். பெரும்பாலும் சேர்ந்துவிடும். மைக்ரோவேவில் உருக்குபவர்கள் 20 விநாடிக்கு ஒருமுறை எடுத்துக் கிளறுங்கள். மேலே திடமாகத் தெரியும்போதே நடுவில் கொதித்துக் கருகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. சூடான கேரமல் தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும், அதனால் வெந்நீர் பட்டதைவிட மோசமாகச் சுடும். பட்டால் உடனே ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், ஐஸ் வைக்காதீர்கள். குழந்தைகள் அருகில் இருக்கும்போது இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

கேள்வி: என்னிடம் இருப்பது கண்ணாடி மாதிரி உடையும் வகை. பால் கிடையாது. இதைச் சாஸ் செய்யலாமா?

செய்யலாம். ஆனால் அதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன. இது சர்க்கரையே 160 டிகிரிக்கு மேல் சூடேறிப் பழுப்பானது. மென்கேரமல் 120 டிகிரியை ஒட்டியே இறக்கப்படுவதால், அதன் நிறமும் மணமும் பெரும்பாலும் பால் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து வினைபுரிவதில் வருபவை. அதனால்தான் உங்களுடையதில் லேசான கசப்பு இருக்கும். அந்தக் கசப்புதான் இதன் அழகே.

துணியில் சுற்றித் தட்டி உடைத்து, மிக்ஸியில் பொடியாக்குங்கள். ஐஸ்க்ரீம் மேல், கேக் பூச்சின் மேல் தூவலாம். காற்றில் இருக்கும் ஈரத்தை உடனே இழுத்துக் கட்டியாகிவிடும், ஆகவே இறுக மூடும் புட்டியில் வையுங்கள். எடைக்கு எடை வெந்நீரில் கரைத்தால் காபிக்கும் கேக்கை நனைப்பதற்கும் நல்ல பாகு கிடைக்கும். முட்டைப் புட்டிங் செய்பவராக இருந்தால் ஒரு ஸ்பூன் தண்ணீரோடு உருக்கி அச்சின் அடியில் ஊற்றுங்கள். அதற்கு மென்கேரமல் சரிப்படாது, இதுதான் சரி.

கேள்வி: குக்கீக்குள் வைத்துச் சுட்டேன். கேரமல் வெளியே வழிந்து தட்டில் கருகிப்போனது.

துண்டு பெரிதாக இருந்திருக்கும், அல்லது அடியில் மாவு மெலிதாக இருந்திருக்கும். 40 கிராம் மாவுக்கு 6, 7 கிராம் கேரமல் போதும். நடுவில் வைத்து எல்லாப் பக்கமும் சம கனமாக மூடி உருட்டுங்கள். உருண்டைகளை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் குளிர வைத்துவிட்டு ஓவனில் வையுங்கள். தட்டில் பட்டர் பேப்பர் கட்டாயம். ஆறிய பிறகு எடுத்தால்தான் அடி கிழியாமல் வரும்.

கேள்வி: கேக்கில் துண்டுகளைப் போட்டால் எல்லாம் அடியில் போய்விடுகிறதே?

போகத்தான் செய்யும். மாவு இறுகுவதற்குள் துண்டு உருகி, கனத்தில் இறங்கிவிடும். கேக்குக்குள் துண்டு போடுவதை நான் சிபாரிசு செய்வதில்லை. கேக் சூடாக இருக்கும்போதே குச்சியால் மேலெல்லாம் துளையிட்டு, மேலே சொன்ன சாஸை வெதுவெதுப்பாக ஊற்றுங்கள். உள்ளே வரை இறங்கும். பிரவுனி மாவு கெட்டியானது, அதில் பாதி மாவு, நடுவில் சாஸ், மேலே மீதி மாவு என்று அடுக்கலாம்.

கேள்வி: ஒரே தடவையில் நிறையத் தீர வேண்டும் என்றால்?

பாப்கார்ன், இல்லையென்றால் ஆப்பிள்.

பாப்கார்னுக்கு 225 கிராம் கேரமலை இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீரோடு உருக்கி, 75 கிராம் சோளத்தைப் பொரித்து அதில் புரட்டுங்கள். 120 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம், 15 நிமிடத்துக்கு ஒருமுறை கிளறிவிட்டால் ஈரம் போய் மொறுமொறுப்பாகும். ஆறியதும் உடனே டப்பாவில் அடைத்துவிடுங்கள்.

ஆப்பிள் தோலில் மெழுகு பூசியிருந்தால் கேரமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். கொதிநீரில் சில விநாடி முக்கி, அழுத்தித் துடைத்து, நன்றாகக் காயவிட்டு அப்புறம் தோய்க்கவும். குச்சி செருகிய கேரமல் ஆப்பிளை வெளியே வைத்திருக்காதீர்கள். குச்சி குத்திய இடத்தில் சாறு கசிந்து, கேரமலுக்கு அடியில் கிருமி வளர இடம் கிடைக்கிறது. 2014-இல் அமெரிக்காவில் கடைகளில் விற்ற கேரமல் ஆப்பிளால் லிஸ்டீரியா தொற்று பரவி 35 பேர் நோயுற்றார்கள். ஃப்ரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் சாப்பிட்டுவிடுங்கள்.

கேள்வி: எனக்கு ரொம்பத் தித்திப்பு ஆகாது. தூக்கிப் போடவும் மனமில்லை.

கசப்போடு சேருங்கள். 100 கிராம் கேரமலை 100 மில்லி சூடான க்ரீமில் கரைத்து, பொடியாக நறுக்கிய 150 கிராம் டார்க் சாக்லேட் மேல் ஊற்றுங்கள். இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து கிளறுங்கள். இரண்டு சிட்டிகை உப்பு. ஃப்ரிட்ஜில் இறுகியதும் உருட்டி, இனிப்பில்லாத கோகோ பொடியில் புரட்டி எடுங்கள். தித்திப்பு பின்னால் போய், பால் காய்ந்த மணம் முன்னால் வரும். கேரமல் பிடிக்காது என்று சொல்பவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான்.

கேள்வி: என் கட்டி மணல் மணலாக ஆகிவிட்டது. கெட்டுப்போனதா?

இல்லை. சர்க்கரை மறுபடி படிகமாகியிருக்கிறது, அவ்வளவே. அரை கிலோவுக்கு அரை கோப்பைத் தண்ணீரும் இரண்டு மேசைக்கரண்டி குளுக்கோஸ் சிரப்பும் சேர்த்து, ஒரு மணல்கூட இல்லாமல் கரையும் வரை சிறு தீயில் வையுங்கள். பிறகு அடிபிடிக்காமல் கிளறியபடி 118 டிகிரி வரை கொதிக்கவிட்டு இறக்குங்கள். தெர்மாமீட்டர் இல்லையென்றால் குளிர்ந்த நீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் திரட்டுங்கள், உருண்டையாக நின்று அழுத்தினால் அமுங்க வேண்டும். அந்தச் சிரமம் வேண்டாம் என்றால் நேராகச் சாஸ் ஆக்கிவிடுங்கள்.

கேள்வி: எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

நன்றாகச் சுற்றிக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் கட்டி வெளியிலேயே சில வாரம் தாங்கும். ஃப்ரீசரில் மாதக்கணக்கில். எடுக்கும்போது சுற்றியதைப் பிரிக்காமலே அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் மேலே நீர் பூத்துப் பிசுபிசுக்கும். சாஸ் வேறு கதை. க்ரீம் சேர்த்த பிறகு தண்ணீர் கூடிவிடுகிறது, ஆகவே ஃப்ரிட்ஜில்தான், இரண்டு வாரத்துக்குள்.

கேள்வி: சின்னப் பிள்ளைகளுக்குத் துண்டாகக் கொடுக்கலாமா?

நான்கு வயதுக்குள் வேண்டாம், தொண்டையில் அடைக்கும். சாஸாகக் கொஞ்சம் கொடுங்கள். பல்லில் கிளிப் போட்டவர்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: பாத்திரம் கழுவுவதை நினைத்தாலே பயமாக இருக்கிறது, அக்கா.

தேய்க்கவே வேண்டாம். தண்ணீர் ஊற்றிக் கொதிக்க விடுங்கள், ஒட்டியது எல்லாம் தானே கரைந்துவிடும். கருகாத பாத்திரம் என்றால் தண்ணீருக்குப் பதில் ஒரு டம்ளர் பால் ஊற்றிச் சூடாக்குங்கள். ஒட்டியிருக்கும் கேரமல் பாலில் கரையும், அதில் ஸ்ட்ராங்காகக் காபி கலந்து குடித்துவிட்டு அப்புறம் கழுவுங்கள்.