தண்ணீர் மட்டும் ஏன் புரையேறுகிறது?

கேள்வி: பக்கவாதம் வந்த என் அத்தைக்கு இட்லி இறங்குகிறது. தண்ணீர் குடித்தால் மட்டும் புரையேறுகிறது. ஏன்? - வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: என் ஆச்சியும் இப்படித்தான் கஷ்டப்பட்டாள், தங்கச்சி. தளர்ந்த தொண்டை மூச்சுக்குழலை மூடுவதற்குள் தண்ணீர் ஓடிவிடும். ரசஞ்சோறு இன்னும் மோசம். சோற்றை மெல்லும்போதே ரசம் முந்திக்கொண்டு இறங்கும். நான் சொதியைக் கெட்டியாக வைத்து, காயையும் மசித்து, சோற்றோடு குழையப் பிசைந்து ஊட்டினேன். நிமிர்ந்து உட்காரவையுங்கள், அண்ணாக்க ஊற்றவே கூடாது. டீஸ்பூனில் பாதி கொடுங்கள். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வாய். சாப்பிட்டதும் அரை மணி நேரம் படுக்கவிடாதீர்கள். அப்புறம், குரல் களகளவென்று மாறினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள், நுரையீரலுக்குள் போயிருக்கலாம். தண்ணீரை எவ்வளவு கெட்டியாக்கலாம் என்றும் அவரிடமே கேளுங்கள்.